காட்டுப்பன்றியும் கரம் ரசீதும்

குன்னத்துகால் பக்கத்தில் பாட்டத்துக்கு நிலம் பிடித்து மரச்சீனியும் வாழையும் வைக்கும் நம் குடும்பங்களுக்கு இன்று இரண்டு தொல்லைகள். ஒன்று இரவில் வரும் காட்டுப்பன்றி. மற்றொன்று பகலில் கேட்கப்படும் கரம் ரசீது. முதலாவதைப் பற்றி ஊரே பேசுகிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன, சட்டசபையிலும் பேச்சு நடக்கிறது. இரண்டாவதைப் பற்றிப் பேச நம்மைத் தவிர வேறு நாதியில்லை. ஆகவே பேசுகிறோம்.

பன்றி செய்யும் வேலை நமக்குப் புதிதல்ல. பத்து மாதம் மண்ணைக் கொத்தி, உரம் வைத்து, களை பறித்து வளர்த்த மரச்சீனியை ஒரு கூட்டம் ஒரே இரவில் மூடோடு கிளறிப் போட்டுவிடுகிறது. தின்பது கால்வாசி என்றால் பாழாக்குவது முக்கால்வாசி. சேனையையும் காச்சிலையும் விடுவதில்லை. குலை தள்ளும் வாழையைச் சாய்த்துப் போடுகிறது. மறுநாள் காலையில் வரப்பில் நின்று பார்க்கும் பெண்பிள்ளையின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். பாட்டப் பணம் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. விதைத்தண்டு வாங்கிய கடன் நிற்கிறது. நிலத்தின் உடைமைக்காரருக்கோ ஒரு பைசா நஷ்டமில்லை.

இதற்குக் கேரள சர்க்கார் 2022 மே மாதத்தில் ஒரு வழி செய்தது. உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்குக் கௌரவ வனஉயிர்க் காவலர் என்ற பதவியைக் கொடுத்து, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்கள் கையில் ஒப்படைத்தது. லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவரை வைத்துத்தான் சுட வேண்டும். விஷம் வைக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, மின்கம்பி கட்டக் கூடாது. சுட்ட பன்றியை முறைப்படி புதைக்க வேண்டும். இறைச்சியை யாரும் எடுக்கக் கூடாது. முன்பு வனத்துறையின் வாசலில் காத்துக் கிடந்ததை நினைத்தால் இது முன்னேற்றம்தான். நாம் இதை எதிர்க்கவில்லை.

சுட வருகிறவர்களையும் நாம் குறை சொல்ல மாட்டோம். லைசென்ஸ் உள்ள விவசாயிகளும், ரைபிள் கழகங்களில் பயிற்சி பெற்றவர்களும், பழைய வேட்டைக்காரக் குடும்பத்தார் சிலரும் கூட்டாகச் சேர்ந்து ராத்திரி உறக்கம் கெட்டு வருகிறார்கள். அடுத்தவன் பயிருக்காக அலைவது சிறிய காரியமல்ல. ஆனால் இவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விரல் மடக்க வேண்டிய தேவையே வராது.

ஏன் இப்படி? 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை எடுத்துக் கொள்வோம். பயிர்க் காவலுக்கென்று குழலின் வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று அதன் 13-ம் பிரிவு சொல்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் அதைவிட மேலான துப்பாக்கிக்கும் தரலாம். அங்கீகாரம் பெற்ற ரைபிள் கழக உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் ரைபிளுக்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. அதாவது நிலம் உள்ளவனுக்கு ஒரு வாசல், கழகத்தில் சேர வசதி உள்ளவனுக்கு ஒரு வாசல். பாட்டக்காரன் எந்த வாசலில் போய் நிற்பான்? பயிர் அவனுடையது; ஆனால் பயிர் நிற்கும் நிலத்துக்குக் காகிதம் அவனிடம் இல்லை.

இந்த வாசல்கள் நேற்று வைத்தவை அல்ல. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்றது; ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. அந்தக் காலத்து விலக்கின் மிச்சம் இன்றும் குடகில் இருக்கிறது. குடகர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற சலுகையை மத்திய சர்க்கார் 2019-ல் மேலும் பத்து வருஷத்துக்கு நீட்டியது. குடகரிடம் நமக்குப் பொறாமை இல்லை. துப்பாக்கி உரிமை என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்த காலம் நம் நாட்டில் இருந்ததில்லை என்பதற்காகச் சொன்னோம்.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பன்றி நினைவு வராது. 1954 ஆகஸ்ட் 11 நினைவு வரும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு நம்மவர் மாண்ட நாள் அது. அன்று கேட்டவற்றுள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை 1956 நவம்பர் 1-ல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் இங்கேயே நின்றன. ஆகவேதான் பாறசாலைக்குத் தெற்கே அண்ணன் வீடும் வடக்கே தம்பி வீடுமாகப் பல குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவேதான் மூணாற்று லயத்தில் இருக்கும் எஸ்டேட் தொழிலாளியின் கதையும் நம் கதையாகிறது.

அந்த மூணாற்றுக் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேட்டைக்காரக் கழகம் காட்டைக் காக்குமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. காக்கும். காத்தது. யாருக்காக, யாரை வெளியே நிறுத்தி என்பதுதான் மிச்சக் கேள்வி.

நீலகிரியில் வெள்ளைக்காரத் துரைமார் 1877-லேயே வேட்டைக் கழகம் அமைத்தார்கள். சுடுவதற்கு விலங்கு மிஞ்சாது என்ற பயம் வந்துவிட்டது. 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்ன மாதம் சுடக் கூடாது, உரிமம் பெற்றுத்தான் சுட வேண்டும் என்று விதி செய்தார்கள். மூணாற்றில் தேயிலைத் துரைமார் 1928-ல் ஹை ரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஏற்படுத்தி, இரவிகுளத்துப் புல்மேட்டைத் தங்கள் வேட்டைக் காடாக வைத்துக் காத்தார்கள். முதுவான் பழங்குடியினரைக் காவலர்களாக வைத்தார்கள். மலையோடைகளில் டிரவுட் என்ற சீமை மீனை விட்டு வளர்த்து, தூண்டில் போட ஒரு கழகமும் வைத்துக்கொண்டார்கள். துரை தூண்டில் போட்டால் பொழுதுபோக்கு; லயத்துப் பையன் அதே ஓடையில் துண்டை விரித்தால் திருட்டு!

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. அந்தக் காவலால்தான் வரையாடு பிழைத்தது. 1971-ல் கேரள சர்க்கார் கண்ணன் தேவன் மலைகளில் பயிரிடாத நிலத்தைச் சட்டம் போட்டு மீட்டது. 1975-ல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978-ல் தேசியப் பூங்காவாயிற்று. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 2025-ல் எடுத்த கணக்கில் இரு மாநிலத்திலுமாக 2,500-க்கும் மேல் வரையாடுகள் இருந்தன. அவற்றில் பெரிய கூட்டம் இரவிகுளத்தில்தான். 1972-ம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களை ஒழித்த அதன் 1991-ம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் அந்தக் கழகத்தார் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள், காவலை விடவில்லை. பெயரிலிருந்த வேட்டையை எடுத்துவிட்டுக் காட்டுயிர் என்று மாற்றிக்கொண்டார்கள். இது பாராட்டத்தக்க காரியமே.

ஆயினும் அந்தத் தேயிலையைக் கிள்ளிய நம் பாட்டிமார் அந்தச் சங்கத்தின் மேசையில் உட்கார்ந்ததுண்டா? கேரளத்தின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுக்கப்பட்டது. உழுதவனுக்கு நிலம் கிடைத்த நாட்டில் கொழுந்து கிள்ளியவளுக்கு லயம்தான் மிச்சம். 2020 ஆகஸ்ட் 6 இரவில் இரவிகுளத்துக்குப் பக்கத்திலே பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்களோடு 70 தமிழர் புதைந்தார்கள். பூங்காவுக்குக் காவலிருந்த மலையில் லயத்துக்குக் காவல் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அதே நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் குடிவாரத்தை ஒழித்தது. அன்று குடியானவனாக இருந்தவன் உடைமைக்காரன் ஆனான்; மிகப் பெரிய காரியம். ஆனால் அதற்குப் பிறகு புதிதாக நிலத்தைப் பாட்டத்துக்கு விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நடைமுறையில் பாட்டம் நடக்கிறது, ஊருக்கெல்லாம் தெரியும். வாய்ப்பேச்சில் நடக்கிறது. உடைமைக்காரர் எழுதித் தரப் பயப்படுகிறார். எழுதினால் நிலம் போய்விடுமோ என்ற பழைய அச்சம். ஆக, பன்றி தின்ற பயிருக்கு நஷ்டஈடு கேட்டுப் போனால் கரம் ரசீது எங்கே, உடைமைச் சான்று எங்கே என்கிறார்கள். ஒன்று, உடைமைக்காரரின் பெயரில் எழுதிப் போட்டு, பணம் வந்தால் அவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு அடுத்த போகத்துக்குக் கடன் வாங்க வேண்டும். நம்மவர் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்கிறார்கள்.

எல்லையின் வேடிக்கையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குன்னத்துகாலில் மரச்சீனி தின்ற பன்றி விடிவதற்குள் விளவங்கோட்டுப் பக்கம் போய்விடுகிறது. இங்கே பஞ்சாயத்துத் தலைவர் சொன்னால் லைசென்ஸ்காரர் சுடலாம். அங்கே 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் போட்ட உத்தரவுப்படி, காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையார்தான் சுட வேண்டும். ஒரே பன்றிக்கு இரண்டு சட்டம். நெய்யாற்று இடதுகரைக் கால்வாய்த் தண்ணீரை 2004 முதல் விளவங்கோட்டுக்கு விடாமல் நிறுத்திய எல்லை இது. தண்ணீருக்குத் தடை உண்டு. பன்றிக்குத் தடை இல்லை.

பன்றியைக் கொல்லத்தக்க உபத்திரவ விலங்கு என்று அறிவிக்கக் கேரளம் பலமுறை கேட்டும் மத்திய சர்க்கார் மறுத்தது. பீகாருக்கும் உத்தராகண்டுக்கும் முன்பு கொடுத்த அறிவிப்பு நமக்கு ஏன் இல்லை என்று கேட்பது நியாயமே. 2025 அக்டோபரில் கேரள சட்டசபை, அந்த அறிவிப்பைத் தானே செய்துகொள்ள ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும் மசோதா அது. வரட்டும். ஆனால் அதில்கூடப் பாட்டக்காரனுக்குத் தனியாக ஒரு வழி பிறந்துவிடாது.

நம் கூட்டத்திலே சில இளைஞர்கள், நமக்கும் துப்பாக்கி கேட்போம் என்கிறார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள் தம்பிகளே. துப்பாக்கிக்கு விலை உண்டு, தோட்டாவுக்கு விலை உண்டு, லைசென்ஸ் புதுப்பிக்க அலைச்சல் உண்டு. தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். பன்றி தேர்தல் முடியும்வரை காத்திருக்காது. அன்றாடக் கூலியில் மூன்று வேளை சாப்பிடும் வீட்டில் அந்த இரும்பு ஒரு பாரம். குடித்துவிட்டுச் சண்டை போடும் வீட்டில் அது அதைவிடப் பெரிய ஆபத்து. இதை நம் பெண்கள் நமக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

துப்பாக்கி கிடைக்காத கோபத்தில் மின்கம்பி கட்டுவது அதைவிடக் கொடுமை. 2025 ஜூனில் மலப்புறம் ஜில்லா வழிக்கடவில் மீன் பிடிக்கப் போன பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் பட்டு இறந்தான். 2020 மே மாதத்தில் பாலக்காடு ஜில்லாவில் கர்ப்பிணி யானை ஒன்று வெடி வைத்த பழத்தைக் கடித்து வாய் கிழிந்து தண்ணீரில் நின்றபடியே செத்தது. கம்பிக்குப் பன்றி எது, பிள்ளை எது என்று தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்கள் யார்? நம் வீட்டு ஆண்களும் பெண்களும்தான். அந்த நேரத்தில்தான் கம்பியில் கரண்ட் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் சுடுகிறவர்களும் தோட்டத்தில் நிற்கிறார்கள். இருட்டில் அசையும் விளக்கு ரப்பர் வெட்டுகிறவருடையது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

ஆகவே நாம் கேட்பது துப்பாக்கி அல்ல. சுட உத்தரவு போடுமுன் அந்தப் பகுதியில் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு முதல்நாளே, தமிழிலும், தகவல் தர வேண்டும். பஞ்சாயத்து வைக்கும் எந்தக் குழுவிலும் உடைமைக்காரரோடும் லைசென்ஸ்காரரோடும் பாட்டக்காரர் ஒருவரும், கூலித் தொழிலாளிப் பெண் ஒருத்தியும் இருக்க வேண்டும். நஷ்டஈட்டுக்குக் கரம் ரசீது இல்லையென்றால் வார்டு உறுப்பினரும் கிருஷி பவன் அலுவலரும் பயிரை நேரில் பார்த்துத் தரும் சான்றை ஏற்க வேண்டும். பயிர் யார் போட்டது என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். வார்டு உறுப்பினருக்கும் தெரியும். அதை எழுதித் தருவதால் உடைமைக்காரரின் நிலம் ஒரு சென்ட்கூடக் குறையாது என்பதையும் அந்தச் சான்றிலேயே எழுதட்டும். அவர் பயமும் தீரும்.

2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. ஓட்டுக் கேட்டு நம் லைன் வீடுகளுக்கு வந்தவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. வருகிற கிராமசபைக்கு நம் குடும்பங்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. பாட்டத்துக்குப் பயிர் வைத்திருப்பவர்கள் எத்தனை மூடு மரச்சீனி, எத்தனை வாழை, எந்த நாளில் பன்றி அழித்தது என்ற கணக்கையும், ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் போகும் நேரத்தையும் வழியையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து சொன்னால் போதும், நம் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.