ஒரு கோடியாவது காரும் நூறாவது சதமும்

2021 ஜூன் கடைசியில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் ஒரு விழா நடந்தது. ஒரு கோடியாவது கார் லைனில் இருந்து வெளியே வந்தது. அல்கசார் மாடல். முதல்வர் ஸ்டாலின் வந்து பானெட்டில் கையெழுத்துப் போட்டார். படம் பேப்பரில் வந்தது. நல்ல விஷயம்தான், 1998ல் சான்ட்ரோவில் தொடங்கிய ஆலை 23 வருஷத்தில் ஒரு கோடி கார் போட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின கார்? அதாங்க, 99,99,999ஆவது கார்? அதுவும் அதே மாதிரி வெல்டிங், பெயிண்ட், செக்கிங் எல்லாம் தாண்டி வந்ததுதான். டிரெய்லரில் ஏறி ஏதோ ஒரு ஊர் ஷோரூமுக்குப் போயிருக்கும். அதில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

லைனில் நிற்கிறவர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. போர்டில் ஓடும் எண்ணுக்கும் கையில் இருக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனால் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இந்த ஞானமெல்லாம் எங்கேயோ போய்விடும். கிரிக்கெட் ஆரம்பித்துவிடும். முன் சீட்டில் தோனி கட்சி, நடுவில் ரோஹித் கட்சி, கடைசி சீட்டில் கோலி கட்சி. சச்சின் கட்சியில் இருப்பவர்கள் கொஞ்சம் சீனியர்கள், சூப்பர்வைசர் லெவல். ஒரகடம் ஜங்ஷன் வருவதற்குள் இரண்டு பேராவது பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சச்சினின் நூறாவது சதம்.

2011 மார்ச் 12, நாக்பூர், உலகக்கோப்பை. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சச்சின் 111. அது டெஸ்டில் 51, ஒருநாளில் 48 என்று மொத்தம் 99. அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. டெஸ்ட் சதத்தையும் ஒருநாள் சதத்தையும் ஒன்றாகக் கூட்டி ஒரே சாதனையாகச் சொல்லும் பழக்கம் அதற்கு முன் பெரிதாக இருந்ததில்லை. 'நூறு சதம்' என்ற கௌரவம் பழையதுதான், டபிள்யூ.ஜி. கிரேஸ் 1895லேயே அடித்துவிட்டார். ஆனால் அது முதல்தர ஆட்டக் கணக்கு. இங்கே கூட்டல் போட்டது சேனல்கள். ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டு, நூறு கிலோ வர இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று தினமும் கூவினார்கள். ஹிந்தி சேனல்கள் 'மஹாசதக்' என்று பேரே வைத்துவிட்டன.

அந்தக் கூவல் ஒரு வருஷமும் நாலு நாளும் நடந்தது. அதில் காணாமல் போனவை என்னென்ன என்று பாருங்கள்.

2011 இங்கிலாந்து டூர். இந்தியா 0-4 என்று மண்ணைக் கவ்வியது. அந்தத் தொடரில் ராகுல் டிராவிட் மூன்று சதம் அடித்தார். கடைசி டெஸ்ட் ஓவலில். டிராவிட் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, மற்ற எல்லாரும் அவுட் ஆகிப் போன பிறகும் 146 ரன்னோடு அவுட் ஆகாமல் நின்றார். மொத்த ஸ்கோரே 300தான். அதே டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் சச்சின் 91ல் எல்பிடபிள்யூ. இன்றைக்கு ஓவல் 2011 என்றால் எது ஞாபகம் வருகிறது? 91தான். டிராவிட் ரசிகர்கள் வயிறு எரிந்தது நியாயம்தானே!

நம்ம ஊர்க்காரர் கதை இன்னும் மோசம். 2011 நவம்பரில் வான்கடே டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. சச்சின் 94ல் அவுட். மைதானமே எழவு வீடு மாதிரி ஆனது. அதே இன்னிங்ஸில் அஸ்வின் என்ற சென்னைப் பையன் 103 அடித்தார். அந்த மேட்ச்சில் ஒன்பது விக்கெட்டும் எடுத்தார். ஒரே டெஸ்டில் சதமும், ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும் எடுத்த இந்தியர்கள் அதற்கு முன் இரண்டே பேர், வினூ மன்கட்டும் பாலி உம்ரிகரும். மேட்ச் ஸ்கோர் சமமாகி டிராவில் முடிந்தது வேறு. இத்தனைக்கும் டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது அந்த 94.

கடைசியில் 2012 மார்ச் 16, மிர்பூர், ஆசியக் கோப்பை. 147 பந்தில் 114. வந்தது நூறு. ஆனால் 289 எடுத்த இந்தியாவை வங்கதேசம் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இப்போது எதிர்க்கட்சி ரசிகர்களுக்கு வெல்லம் கிடைத்த மாதிரி. "உங்காளு தனக்காக ஆடி மேட்ச்சைத் தோற்கடிச்சிட்டாருடா" என்பது இன்று வரைக்கும் பஸ்ஸில் ஓடும் டயலாக். பாதி உண்மை. நின்று நின்று ஆடியது உண்மைதான். ஆனால் 289ஐக் காப்பாற்ற முடியாத பந்துவீச்சாளர்களை யாரும் திட்டுவதில்லையே, ஏன்? அவர்களுக்கு எண் இல்லை. சேனல் எதை எண்ணியதோ அதையேதான் எதிர்க்கட்சியும் எண்ணிக்கொண்டிருந்தது, கொண்டாடுவதற்குப் பதில் திட்டுவதற்காக.

சச்சினே அன்றைக்கு நொந்துதான் பேசினார். இதை ஆரம்பித்தது மீடியா, போகிற இடமெல்லாம் நூறாவதைப் பற்றித்தான் கேட்டார்கள், 99ஐப் பற்றி யாரும் பேசவில்லை என்ற அர்த்தத்தில் சொன்னார். (99,99,999ஆவது கார் பேசினால் இதைத்தான் சொல்லும்.) ஒரு வாரம் முன்னால், மார்ச் 9ஆம் தேதி, டிராவிட் ஓய்வு அறிவித்துவிட்டுப் போயிருந்தார்.

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2007ல் பேரி பாண்ட்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் 756ஆவது ஹோம் ரன் அடித்து ஹாங்க் ஆரோனின் சாதனையைத் தாண்டினார். ஊக்கமருந்து சந்தேகம் இருந்ததால் எதிரணி ரசிகர்கள் நட்சத்திரக்குறி போட்ட அட்டைகளோடு மைதானத்துக்கு வந்தார்கள். அந்தப் பந்தை ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கிய ஒருவர், ஓட்டெடுப்பு நடத்தி அதன் மேலேயே நட்சத்திரக்குறி பொறித்தார். அங்கே சண்டைக்கு ஒரு காரணமாவது இருந்தது. சச்சின் மீது அப்படி எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனாலும் ஓவலில் அந்த 91ல் அவரை அவுட் ஆக்கிய டிம் பிரெஸ்னன், தனக்கும் அம்பயர் ராட் டக்கருக்கும் கொலை மிரட்டல் வந்ததாக 2020ல் சொன்னார். ஒரு கூட்டல் கணக்குக்காக!

அடுத்த ரவுண்டு கோலி. 2023 உலகக்கோப்பையில் புனேயில், அதே வங்கதேசத்துக்கு எதிராக, கோலி சதம் அடிக்கட்டும் என்று கே.எல். ராகுல் சிங்கிள் ஓட மறுத்தார். கொல்கத்தாவில் 49ஆவது சதம் வந்தபோது, இலங்கை கேப்டன் குசல் மெண்டிஸிடம் போய் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள். நான் எதற்கு வாழ்த்தணும் என்று கேட்டுவிட்டார் மனுஷன். கோலி ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நவம்பர் 15, வான்கடே, ஐம்பதாவது. சச்சின் கேலரியில் உட்கார்ந்து கைதட்டினார், கோலி தலை வணங்கினார். சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. அன்று முகமது ஷமி 57 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்துத்தான் அரையிறுதி கைக்கு வந்தது என்பதை இரண்டு கட்சியும் சௌகரியமாக மறந்து, 279 இன்னிங்ஸா 463 மேட்ச்சா என்று அடித்துக்கொண்டது.

இதெல்லாம் ஜாலிதானே, இதில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று. 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து குடித்திருக்கிறார்கள். ஒருவர் ரோஹித் ரசிகர், இன்னொருவர் கோலி ரசிகர். பேச்சு முற்றி ஒருவர் செத்தார், நண்பர் கைதானார். இரண்டு பேருக்கும் இருபதுகளில்தான் வயது. அதையடுத்து ட்விட்டரில் என்ன டிரெண்ட் ஆனது தெரியுமா? கோலியைக் கைது செய் என்று ஹேஷ்டேக். துக்கம் இல்லை, நக்கல். எதிர்க்கட்சிக்கு அதிலும் ஒரு பாயிண்ட் கிடைத்த சந்தோஷம்.

அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் பக்கத்துப் பையன்கள்தான் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், மாத்தூர் ரூம்களில் நிறையப் பேர். ஒரே ரூமில் ஐந்தாறு பேர், ஆளுக்கொரு ஷிப்ட், காண்ட்ராக்ட் எப்போது முடியும் என்று தெரியாத வேலை. ஊரில் இருந்து வந்தவனுக்கு ஒரு கட்சி தேவைப்படுகிறது, கிரிக்கெட் அதைச் சுலபமாகக் கொடுக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்சிக்குக் கோஷம் எழுதிக் கொடுப்பவன் விளம்பர நேரம் விற்கிறவன். இரண்டு பக்கமும் கத்தினால்தான் அவனுக்கு ரேட்டிங். 2025 செப்டம்பரில் இந்திய அணி சட்டையில் புதிதாக ஏறிய பேர் அப்பல்லோ டயர்ஸ். ஒரகடத்தில் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. ஆக, டிவியில் சண்டை போட வைக்கும் சட்டையில் இருப்பது பக்கத்து கேட் போர்டில் இருக்கும் அதே பேர்!

2025 மே மாதம் கோலி டெஸ்டில் இருந்து விலகினார். டிசம்பரில் ராய்ப்பூரில் அடித்தது மொத்தக் கணக்கில் 84ஆவது சதம். உடனே சேனல்கள் ஸ்லேட்டை எடுத்துவிட்டன, நூறுக்கு இன்னும் 16 என்று. கடைசி சீட்டுக்காரர்கள் வந்துவிடும் என்கிறார்கள். சூப்பர்வைசர் அண்ணன்கள் வராது என்கிறார்கள். அந்த ராய்ப்பூர் மேட்ச்சில் 358 எடுத்தும் இந்தியா தோற்றது என்பது இரண்டு தரப்புக்கும் ஞாபகம் இல்லை.