சொறிநாய் என்னும் ஒற்றைப் பெயர்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வீதியிலுள்ள கந்தப்பளை, தேயிலையோடு மரக்கறிச் செய்கைக்கும் பெயர்பெற்ற ஊராகும. இரவில் மரக்கறிப் பாத்திகளுக்குள் பன்றி புகாமல் காப்பதும், சிறுத்தையின் நடமாட்டத்தை லயத்திற்கு முதலில் அறிவிப்பதும் இங்கு நாய்தான். எனினும், அதே நாயின் ரோமம் உதிர்ந்து உடலில் புண் கண்டதும் அது 'சொறிநாய்' ஆகிவிடுகின்றது. கல்லெறிவது, கழிவு எண்ணெயை ஊற்றுவது, வேறொரு தோட்டத்தில் கொண்டுபோய் விடுவது ஆகியன மலையகத்திற்குப் புதியவை அல்ல.

சொறி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. காது விளிம்பு, முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தடித்த பொருக்கும் ஓயாத அரிப்பும் காணப்பட்டால், தோலைத் துளைத்து வாழும் சிற்றுண்ணியே பெரும்பாலும் காரணமாகும். குட்டிகளின் கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் ரோமம் உதிர்ந்து பின்னர் சீழ்ப் புண்ணாக மாறுவது மயிர்க்கால்களில் வாழும் வேறொரு சிற்றுண்ணியினால். அது மனிதரைத் தொற்றுவதில்லை. வட்ட வட்டமாக ரோமம் உதிர்வது படர்தாமரையாக இருக்கலாம். அது சிறுவர்களுக்கும் தொற்றக் கூடியது. துர்நாற்றமும் குழியும் கொண்ட புண்ணில் புழு வைத்திருக்கக் கூடும். பிறப்புறுப்பிலோ மூக்கிலோ பூக்கோவா போலத் தடித்து இரத்தம் கசியும் புண், நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைக் கட்டியாக இருக்கலாம். அதுவும் ஊசி மருந்தினால் பெரும்பாலும் குணமாகக் கூடியதே. வெண்ணிற நாய்களின் மூக்கிலும் வயிற்றிலும் ஆறாதிருக்கும் புண், வெயிலால் வரும் புற்றுநோயின் அடையாளமாகவும் அமையலாம். உயரமான பிரதேசங்களில் சூரியனின் புறஊதாக் கதிர் கடுமையானது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

இவை அனைத்திற்கும் கழிவு எண்ணெயே மருந்து என எண்ணுவது பெருந் தவறாகும். புண்பட்ட தோலின் ஊடாகவும் நாய் நக்கும்போது வாயின் ஊடாகவும் அந்த எண்ணெய் உடலுக்குள் சென்று நஞ்சாகின்றது. மாட்டுக்கு வாங்கிய மருந்தை அளவறியாது நாய்க்குக் கொடுப்பதும் உயிராபத்தை விளைவிக்கலாம்.

இப்பிரச்சினை நாயோடு முடிந்துவிடுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் ஒரு பிள்ளைக்குச் சிரங்கு வந்தால், பழி வாசலில் கிடக்கும் நாயின் மீதே விழுகின்றது. நாயின் சிற்றுண்ணி மனிதருக்குச் சில நாள் அரிப்பை உண்டாக்குமே தவிர, மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. பிள்ளையின் சிரங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு, நெருக்கமான உறக்கத்தினாலும் பொதுவான படுக்கையினாலும் பரவுவதாகும். நாயைத் துரத்திவிட்டு மன நிம்மதி அடையும் குடும்பத்தில், சிகிச்சை பெற வேண்டிய அனைவரும் சிகிச்சையின்றியே இருந்துவிடுகின்றனர். பழி இடம் மாறுவதால் நோய் வீட்டிலேயே தங்கிவிடுகின்றது.

நாயின் உடலில் கடிகாயம் இருப்பின் மேலும் எச்சரிக்கை தேவை. கடித்தது விசர்நாயாக இருக்கக் கூடும். எனவே, வெறுங்கையால் புண்ணைத் தொடாது கால்நடை வைத்தியரை நாட வேண்டும்.

நாயின் உமிழ்நீர் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எமது முஸ்லிம் சகோதரர்கள் பேணும் தூய்மை விதியாகும். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தனது பாதணியில் நீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்னும் செய்தியும் அதே மார்க்கத்தின் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சைவர்களுக்கோ நாய் வைரவரின் வாகனம். சிற்றுண்ணிச் சொறிக்கு உணவில் வைத்துக் கொடுக்கக் கூடிய மாத்திரைகள் இன்று உள்ளமையால், தொடாமலே உதவுவதும் சாத்தியமாகும்.

ஆனால் வைத்தியரிடம் செல்வது எப்படி? ஒரு நாள் பேரை இழந்து, முச்சக்கர வண்டிக்கும் பணம் கொடுத்து நாயை நகருக்குக் கொண்டுசெல்ல எத்தனை தோட்டத் தொழிலாளரால் முடியும்? 2006ஆம் ஆண்டில் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தியது. அது வரவேற்கத்தக்க முடிவே. எனினும் கொல்லாமை என்பது கைவிடுதலாக மாறிவிடலாகாது.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றும் நாளில் நாய்கள் ஓரிடத்திற்குக் கொண்டுவரப்படுகின்றன. அதே நாளில் அவற்றின் தோலையும் பரிசோதித்து மருந்து வழங்கினால், புதிய கட்டடமோ புதிய திணைக்களமோ தேவைப்படாது. மத்திய மாகாண கால்நடைத் துறையும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் தோட்ட நிர்வாகங்களும் இணைந்தால் கந்தப்பளையிலேயே இதனைத் தொடங்கலாம். அன்று பிள்ளைகளின் சிரங்கையும் தோட்ட வைத்திய உதவியாளர் பார்ப்பாராயின், வாசலில் கிடப்பதற்கும் உள்ளே உறங்குவோருக்கும் ஒரே நாளில் விமோசனம் கிட்டும்.