கண்ணில் வளரும் சதை: வெட்டினால் மட்டும் போதுமா?

கண்ணில் சதை வளர்ந்தது. வெட்டி எடுத்தார்கள். சில மாதத்தில் திரும்பவும் வளர்ந்துவிட்டது. அதுவும் முன்னைவிடத் தடிப்பாக!

"ஆபரேஷன் செஞ்சும் போகலைன்னா, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்க வேண்டிய நேரம் அது அல்ல. கத்தி வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

மூக்கை ஒட்டிய மூலையில் கிளம்பி, ஈசல் இறகு போலக் கருவிழியை நோக்கி ஊரும் சதை இது. டாக்டர்கள் "டெரிஜியம்" என்கிறார்கள். கிரேக்க மொழியில் சின்னச் சிறகு என்று அர்த்தம். புற்றுநோய் அல்ல. ஆனால் கருவிழியில் ஏறினால் அதை இழுத்துக் கோணலாக்கும். பார்வை மங்கும். நடுப்பாவையை மூடிவிட்டால், கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஓட்டுகிறவரும், ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்ணும் என்ன செய்வார்கள்?

குளிர்ந்தாலும் வெயில்தான்!

பெரிய காரணம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். தூசியும் காற்றும் கண்ணை இன்னும் உறுத்தும். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் இந்தக் கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். குரங்கணியில் இருந்து கொழுக்குமலைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் ஏறுகிறவர்கள் "மேலே ஜில்லுன்னு இருக்கு, வெயிலே இல்லை" என்பார்கள். உடம்புக்குத்தான் குளிர்ச்சி. கண்ணுக்கு அல்ல. ஏலக்காட்டிலாவது மர நிழல் உண்டு. தேயிலைக் காட்டில் அதுவும் குறைவு.

வெட்டிய இடம் என்ன ஆகிறது?

பழைய முறையில் சதையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை அப்படியே திறந்து விட்டுவிடுவார்கள். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் வெறும் இடத்தில் களை முளைப்பது போலச் சதை திரும்ப வரும். நாலில் ஒருவருக்காவது திரும்பியதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சில ஆய்வுகளில் நூற்றுக்கு 80 பேரைத் தாண்டியிருக்கிறது! இது புதுச் சங்கதியும் அல்ல. கண்ணில் வளரும் சதையைக் கொக்கியால் தூக்கி வெட்டச் சொன்ன சுசுருதரே, மிச்சம் வைத்தால் திரும்ப வளரும் என்று அந்தக் காலத்திலேயே எச்சரித்திருக்கிறார்.

இதற்கு வழி, வெட்டிய இடத்தை மூடுவது. அதே கண்ணின் மேல் இமைக்கு அடியில் இருந்து மெல்லிய சவ்வை எடுத்து, வெட்டிய இடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். 1985-ல் அமெரிக்க டாக்டர் கென்யன் குழுவினர் இப்படி 57 கண்களுக்குச் செய்ததை வெளியிட்டார்கள். 3 கண்ணில்தான் சதை திரும்பியது. ஒட்டைத் தையல் போட்டும் நிறுத்தலாம், பசை வைத்தும் ஒட்டலாம். நோயாளியின் சொந்த ரத்தம் உறைவதை வைத்தே ஒட்டுகிறவர்களும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் டாக்டர் ஹர்ஸ்ட் பெரிய ஒட்டாகப் போட்டார். ஆயிரம் ஆபரேஷனில் ஒன்றில்தான் திரும்பியதாகக் கணக்குக் காட்டினார். ஆனால் அது நீண்ட நேர ஆபரேஷன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒட்டுப் போட நேரமும் கைப்பழக்கமும் வேண்டும். கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்று சும்மா வெட்டி அனுப்பினால், மலைத் தொழிலாளி இரண்டாம் முறை கூலியை விட்டு வர வேண்டும். இரண்டாம் ஆபரேஷன் முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டமானது. மிச்சம் பிடித்த நேரத்துக்குத் தண்டம் கட்டுகிறவர் நோயாளிதான்.

மைட்டோமைசின் என்ற மருந்தையும் வைக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. திரும்ப வருவதைக் குறைக்கும். அளவு மீறினால் வெள்ளை விழியையே அரித்துவிடும். எனவே விவரம் தெரிந்த கை வேண்டும்.

ஆகவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஐயா, சதையை எடுத்த இடத்துல ஒட்டு வைப்பீங்களா?" தேனியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போடியில் இருந்து மதுரைக்கு 2023 ஜூன் முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது.

சதை சின்னதாக, வளராமல் இருந்தால் வெட்டவே வேண்டியதில்லை. உறுத்தலுக்குச் சொட்டு மருந்து போதும். பச்சிலைச் சாறு பிழிவது மட்டும் கூடவே கூடாது.

ஆபரேஷன் ஆனவர்கள் "கண்ணு வெளுத்துடுச்சு" என்று சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் சொன்ன நாள்வரை விட வேண்டும். திரும்ப வருவது பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்தான். அதுவரையாவது அகல விளிம்புத் தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் இல்லாமல் மலை ஏறக்கூடாது. கம்பளியும் மழைக்கோட்டும் கொடுக்கிற எஸ்டேட் முதலாளிகள், இந்தக் கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?