குடிக்காதவன் தனி ஆளா?

“மச்சான், இன்றைக்கு உன் பிறந்த நாள். ட்ரீட் எங்கே?”

கல்லூரியில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ட்ரீட் என்றால் புரோட்டாவும் டீயும் என்று இருந்த காலம் உண்டு. இப்போது சில மாணவர்களிடம் அதற்கு அர்த்தம் வேறு. மது!

நாலு பேர் கூடுகிறார்கள். ஒருவனுக்கு அதில் விருப்பம் இல்லை. ஆனால், ‘வேண்டாம்’ என்றால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் முதல் டம்ளரைக் கையில் எடுக்கிறான்.

தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் பகுதியில் பல வீடுகளில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். தாய் விடியுமுன் ஜீப் ஏறி, கேரள மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறாள். அந்தக் கூலியில்தான் மகனுடைய கல்லூரிச் சம்பளம். ட்ரீட்டுக்குப் போவதும் அந்தக் காசுதான்!

யாருக்கு ஆசை?

‘எல்லோரும் குடிக்கிறார்கள்’ என்று மாணவர்கள் சொல்லுவார்கள். இது உண்மையா?

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 25 பேர். அப்படியானால் குடிக்காதவர்கள் 75 பேர். பெரிய கூட்டம் எது?

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 1993-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கல்லூரியில் குடிக்கும் பழக்கத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டார்கள். ‘எனக்கு மனம் அவ்வளவாக ஒப்பவில்லை, மற்றவர்களுக்குத்தான் அது பிடித்திருக்கிறது’ என்ற எண்ணமே மாணவர்களிடம் இருந்தது. ஒவ்வொருவனும் அடுத்தவனுக்காகச் சும்மா இருந்தான். வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்!

ஆகவே, முதலில் ஒருவன் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால் போதும். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள்.

அன்று நட்பு இல்லையா?

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கியது 1956-ல். அப்போது மாநிலம் முழுவதும் மதுவிலக்கு. 1948-ல் வந்த தடை 1971 வரை இருந்தது. திருட்டுச் சாராயம் இருந்தது உண்மைதான். ஆனால், தெருவுக்குத் தெரு கடை கிடையாது. அந்த 15 ஆண்டுகளில் அங்கே படித்தவர்களுக்கு நண்பர்கள் இல்லையா? சிரிப்பும் விளையாட்டும் இல்லையா? நட்புக்கும் மதுவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

இன்று நிலைமை வேறு. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கை நீட்டினால் பாட்டில். அதனால் இன்றைய மாணவனுக்கு அன்றைய மாணவனைவிட மன உறுதி அதிகம் தேவைப்படுகிறது.

சட்டம் அவன் பக்கம்

21 வயது ஆகாதவனுக்கு மது விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. 17, 18 வயதில் கல்லூரிக்கு வருகிறவனுக்குப் பட்டப்படிப்பின் பெரும்பகுதிக்கு இது பொருந்தும்.

மூத்த மாணவன் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தால்? அது ராகிங். விருப்பம் இல்லாததைச் செய்யச் சொல்வதும் ராகிங்தான் என்கிறது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2 ஆண்டு வரை சிறை உண்டு. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினால், முதல் தடவையே 6 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

‘கொஞ்சம் குடித்தால் என்ன?’ என்பார்கள். ‘இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாது’ என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

கூடுவதற்கு இடம் எங்கே?

‘குடிக்காதே’ என்று புத்தி சொன்னால் மட்டும் போதாது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் வாலிபர்கள் எங்கே கூடுவது? அதற்கு வழி வேண்டும்.

பெரியகுளத்தைப் பாருங்கள். அங்கே கோடைக்குக் கோடை அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. வடநாட்டு அணிகளும் வந்து ஆடுகின்றன. ஒரு சிற்றூர் பல பத்து ஆண்டுகளாக இதை நடத்தி வருகிறது. பந்து ஒன்று, மைதானம் ஒன்று. கூட்டம் தானாகச் சேர்கிறது!

ஒவ்வொரு கல்லூரியும் மாலையில் மைதானத்தையும் நூலகத்தையும் திறந்து வைக்கலாம். விடுதியில் மாதம் ஒரு நாள் அந்த மாதத்துப் பிறந்த நாள்களை எல்லாம் சேர்த்துக் கொண்டாடலாம். பெற்றோர், மகனுடைய நண்பர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம். யாரோடு பழகுகிறான் என்பதும் தெரிந்துவிடும்.

மாணவர்களுக்கும் ஒரு யோசனை. அடுத்தவன் ட்ரீட் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே முந்திக்கொள்ளுங்கள். “ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கும்பக்கரை அருவிக்குப் போகிறோம். சாப்பாடு என் செலவு. மது கிடையாது” என்று சொல்லிவிடுங்கள். அழைப்பவன் சொல்வதுதான் அங்கே சட்டம்.

அதற்குப் பிறகும், ‘குடிக்காவிட்டால் நீ எங்களோடு சேர்த்தி இல்லை’ என்று ஒருவன் சொன்னால், அவன் தேடுவது நண்பனை அல்ல. செலவுக்கு ஓர் ஆளை!