தொட்டியும் தண்ணீரும்

கொழும்புவாசிகளாகிய நமக்குத் தண்ணீர் என்பது குழாயைத் திருகியதும் வருவது. அது வரும் வழியில் எங்கெங்கே தங்கி வருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1886ஆம் ஆண்டில் நிறைவுற்ற லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து, இயந்திரம் எதுவுமின்றி, பள்ளம் நாடி ஓடும் தன் இயல்பினாலேயே சுமார் 40 கிலோமீற்றர் கடந்து மாளிகாகந்தைக்கு வந்து சேர்ந்தது நகரத்தின் நீர். கொட்டாஞ்சேனைப் பக்கத்தாருக்கு அண்மையில் எலி ஹவுஸ் நீர்த்தேக்கமும் உண்டு. பின்னர் களட்டுவாவையும், களனி கங்கை நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் அம்பத்தளையும் சேர்ந்துகொண்டன.

நகரத்துக்கே இத்துணை பெரிய தொட்டிகள் இருக்க, வீட்டுக்கு வேறு தொட்டி எதற்கு? காலையில் எல்லோரும் ஒரே வேளையில் குழாயைத் திறக்கிறார்கள், அழுத்தம் குறைகிறது, மேல்மாடிக்கு நீர் ஏறுவதில்லை. ஆகவேதான் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நிலத்தடித் தொட்டியில் நிரப்பி, மோட்டாரினால் கூரைத் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள். மின்சாரம் நின்றால் மோட்டாரும் நிற்கும். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஐவர் கொண்ட குடும்பம் ஆளுக்கு 100 லீற்றர் வீதம் செலவிட்டால், 1,000 லீற்றர்த் தாங்கி இரண்டே நாளில் வற்றிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 50 சதுர மீற்றர்க் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர் நீர் விழுகிறது. புதுக் கட்டிடங்களில் மழைநீரைச் சேகரிக்க 2007ஆம் ஆண்டிலேயே சட்டத்திருத்தம் வந்தது. ஆயினும் நம் பீலிகள் பல இன்னும் வீதியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன!

ஆனால் சேமித்த நீரிலே ஆபத்தும் உண்டு. டெங்கு நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை; நம் வீட்டுத் தெளிந்த நீரையே விரும்புகிறது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 400 பேருக்கு மேல் மாண்டனர். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் செல்லும். எனவே குளியலறைத் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவவேண்டும். நீரை வெறுமனே கொட்டிவிட்டால் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் நிரம்பியதும் பொரிக்கும். தும்புத் தூரிகையால் சுவரை அழுத்தித் தேய்ப்பதே வழி.

கூரைத் தாங்கியின் மூடியை இறுக்கும் பலர், மிகைநீர் வழியும் குழாயின் வாயைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார்கள். அதற்கு நுண்ணிய வலைத்துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.