இரண்டு தடங்கள் இருந்துவிட்டால் ஸ்டீரியோ ஆகிவிடுமா?

ஆய்வு ஆவணம் என்ற பெயரில் இசைத்துறைகள் சேர்த்துவைக்கும் கச்சேரிப் பதிவுகளுள் பல, அந்தக் கச்சேரிகளின் பதிவுகளே அல்ல. பாடகரின் வாயருகே ஒன்று, தபலாவுக்கு அரையடியில் இரண்டு, சாரங்கிக்கு ஒன்று என ஒலிவாங்கிகளை நெருக்கி வைக்கிறார்கள். பின்னர் மிக்ஸரில் ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் திருகிவிட்டு ஸ்டீரியோ என்கிறார்கள். அருகருகே ஒட்டப்பட்ட மோனோ துண்டுகள் அவை, அவ்வளவே.

இதில் தம்புராவின் நிலைதான் பரிதாபம். குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகிய நூல் கிளப்பும் மேற்சுரங்கள் கூடத்தின் காற்றில் கலந்து பாடகரைச் சூழ வேண்டும். நெருக்கத்தில் அது வெறும் கம்பி அதிர்வு; தனி ஒலிவாங்கி இல்லையெனில் பாடகருடையதில் விழும் கசிவு.

ஆலன் ப்ளம்லைன் 1931இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில், எட்டு வடிவ ஏற்புடைய இரண்டு ஒலிவாங்கிகள் ஒரே புள்ளியில் 90 பாகைக் கோணத்தில் நிற்கும். பிரெஞ்சு வானொலியின் ஓஆர்டிஎஃப் முறையில் இரண்டு கார்டியாய்டுகள் 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகை விரிந்திருக்கும். இரண்டுமே கூடத்தையும் சேர்த்துக் கேட்கின்றன. விஸ்வமோகன் பட்டும் ரை கூடரும் வாசித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ ப்ளம்லைன் முறையில் ஒரு தேவாலயத்தில் பதிவானது. ஒலிப்பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவி அலெக்சாண்டர். கிராமி விருது பெற்ற அத்தொகுப்பைப் பாடத்தில் போற்றிவிட்டு, களத்தில் நேர்மாறாகச் செய்வது என்ன நியாயம்?

மின்விசிறி இரைச்சலும் ஒலிபெருக்கியும் உள்ள அரங்கில் நெருங்கி வைப்பதைத் தவிர்க்க இயலாது என்பார்கள். உண்மையே. ஆயினும் கூடவே ஓர் இணையை நிறுத்த இரண்டு தடங்கள் போதும். அதையும் மறுப்பது சோம்பல்.

மணிப்பூரின் சங்கீர்த்தனத்தை யுனெஸ்கோ 2013இல் தன் பட்டியலில் சேர்த்தது. பக்தர்கள் சுற்றி அமர்ந்திருக்க, நடுவில் பாடியும் ஆடியும் முழக்கியும் நிகழ்வது அது. அங்கே மேடை எது, எதிர்ப்புறம் எது? ஓரத்தில் வைத்த ஸ்டீரியோ இணை ஒரு பக்தரின் செவியைத் தரும். நடுவில் நிறுத்திய சரவுண்ட் வரிசையோ எந்தப் பக்தரும் அமர்ந்திராத இடத்திலிருந்து கேட்கும். இரண்டும் ஆய்வுக்கு உதவலாம். எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் மட்டும். ராகமும் தாளமும் தேதியும் பதியும் அட்டவணையில் ஒலிவாங்கியின் வகை, உயரம், கோணம், தொலைவு ஆகியவற்றுக்கு ஒரு கட்டம்கூட இராது. சுரக்குறிப்பில் ஒரு கமகம் தவறினால் பக்கம் பக்கமாக வினவும் ஆய்வேட்டுத் தேர்வாளர்கள் இதை ஏன் கேட்பதில்லை?