கார் கதவின் பூட்டையும் கற்றுக்கொடுங்கள்

சுங்கை பினாங் வட்டாரத்தில் கனமழை பிடித்துக்கொண்டால் பலருக்கு முதலில் வரும் கவலை, காரை எந்த மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவது என்பதுதான். கடல் நீர் ஏறும் நேரமும் சேர்ந்துவிட்டால் ஆற்று நீர் வடிய வழியின்றி ஜாலான் பி. ரம்லி பக்கம் சாலையிலேயே தேங்கிவிடும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருந்தும், தண்ணீரில் மாட்டிக்கொண்ட காரிலிருந்து எப்படி வெளியே வருவது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்று நான்கு கதவும் பூட்டிக்கொள்கின்றன அல்லவா? ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறிய மோட்டார் இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்ததும் அது சுழலும். பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து, விசையைக் கூட்டி, பூட்டின் நெம்புகோலைத் தள்ளும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்று பூட்டைத் திறக்கும். படிவம் 5 இயற்பியலில் மின்காந்தவியல் படித்தவர்களுக்கு இதில் மாயம் ஒன்றும் இல்லை.

தள்ளிய வேலை முடிந்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். ஆகவே பேட்டரி செத்தாலும் பூட்டு தானாகத் திறந்துகொள்ளாது. கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். நல்ல வேளையாக, பெரும்பாலான கார்களில் அதே நெம்புகோலைக் கையாலும் நகர்த்தலாம். சில கார்களில் உள்ளே இருக்கும் குமிழை இழுக்க வேண்டும். சிலவற்றில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தாலே போதும், வேறு சிலவற்றில் இருமுறை. சில புதிய மின்சாரக் கார்களில் கதவைத் திறப்பதே ஒரு மின்பொத்தான்தான். அவசரத்துக்கான கைப்பிடி வேறெங்கோ ஒளிந்திருக்கும்.

பின்கதவின் ‘சைல்ட் லாக்’ வேறு ரகம். அதற்கும் மின்சாரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அதைப் போட்டுவிட்டால், சென்ட்ரல் லாக் திறந்திருந்தாலும் உள்ளே இருக்கும் தம்பி தங்கைகளால் கதவைத் திறக்க முடியாது. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும்.

பூட்டு திறந்தாலும் கதவு திறக்கும் என்று சொல்ல முடியாது. 1 மீட்டர் அகலக் கதவின் வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, உள்ளே இன்னும் புகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் கதவின் மேல் ஏறத்தாழ 125 கிலோ பாரம். அதனால்தான் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே பெல்ட்டைக் கழற்றி, மின்சாரம் இருக்கும்போதே சன்னலை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியேற்றச் சொல்கிறார்கள். சன்னல் இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான பொருளால் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது. விரிசல் விடுமே தவிர எளிதில் வழி விடாது.

உரிமம் எடுக்கப் போகும்போது ‘ஆர்பிகே’ வாகனப் பரிசோதனையை நாம் மனப்பாடம் செய்கிறோம். எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் நீர், பேட்டரி என்று வரிசையாக ஒப்பிக்கிறோம். அவை அலட்சியமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் குறைந்தால் கார் பட்டறைக்குப் போகும். கதவு திறக்காவிட்டால் மாட்டிக்கொள்வது நாம்தான். பயிற்றுநர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்: சாவிப் பொத்தானைத் தொடாமல் கையாலேயே பூட்டைத் திறக்கச் சொல்லலாம். சைல்ட் லாக் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லலாம். ‘ஸ்மார்ட் கீ’க்குள் பெரும்பாலும் ஒரு சிறு உலோகச் சாவி இருக்குமே, அதை உருவி ஓட்டுநர் கதவின் சாவித் துளையைத் தேடச் சொல்லலாம். சில கார்களில் அந்தத் துளை ஒரு மூடிக்குள் மறைந்திருக்கும்.